நௌக்ராட்டிஸும் உரமண்ணும்

அன்புள்ள ஐயா,

எகிப்தின் நைல் டெல்டாவில் கிரேக்க வணிகர்கள் குடியேறிய நௌக்ராட்டிஸ் பற்றி எழுதியிருந்தீர்கள். ஊரின் நடுப்பகுதியை உள்ளூர் விவசாயிகள் உரத்துக்காக வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று படித்ததும் கோபம் வந்தது. அவர்கள் கைவைக்காமல் இருந்திருந்தால் ஒரு கிரேக்க நகரம் முழுசாகக் கிடைத்திருக்குமே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பழியை அப்படியே அவர்கள் தலையில் கட்டிவிட முடியாது. மண்செங்கல் வீடுகள் இடிந்து மக்கிய மண்ணில் உரச்சத்து அதிகம். நம்மூரில் கோடையில் குளத்து வண்டலை அள்ளி வயலில் கொட்டுவார்களே, அந்தக் கணக்குதான். அப்புறம், அவர்கள் தோண்டியதால்தான் ஊரே வெளியே தெரிந்தது. கிசா பிரமிடு பக்கம் ஒருவரிடம் வாங்கிய சின்னச் சிலை எங்கிருந்து வந்தது என்று விசாரித்துக்கொண்டே போன பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி, வெட்டிப்போட்ட அந்த மேட்டில் கிரேக்கப் பானையோடுகள் இறைந்து கிடப்பதைப் பார்த்தார். 1884 கடைசியில் அகழாய்வுக்குத் திரும்பி வந்தவர், தங்கிய வீட்டு வாசலில் கிடந்த கல்லைப் புரட்டினால் அதில் கிரேக்க எழுத்தில் ஊர்ப்பெயர்!

சரி, ஆய்வாளர்கள் மட்டும் எல்லாவற்றையும் காப்பாற்றினார்களா? ஓவியமோ எழுத்தோ உள்ள ஓடுகளைத்தான் பொறுக்கினார்கள். கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்த கோப்பைகள் அவை, ‘நான் அப்பல்லோவுக்கு உரியவன்’ என்று கோப்பையே பேசுவதுபோல் கீறியிருப்பார்கள், யாருக்குத்தான் விட மனசு வரும். ஆனால் எழுத்தில்லாத சாதாரண எகிப்தியப் பானைகள் பெரும்பாலும் அங்கேயே விடப்பட்டன. நௌக்ராட்டிஸ் என்றாலே கிரேக்க ஊர் என்று நம் மனதில் பதிந்ததில் இந்தப் பொறுக்கலுக்கும் பங்குண்டு. 2012க்குப் பிறகு பிரிட்டிஷ் அருங்காட்சியகக் குழு மறுபடி போய்ப் பார்த்தபோது எகிப்தியரும் அங்கே நிறையவே வாழ்ந்தது தெளிவாகியது. அங்கிருந்த எகிப்தியக் கடவுள் ஆமுன்-ராவின் கோயில் வளாகமே பிரமாண்டமானது.

அதனால் நீங்கள் நினைக்கும் முழு கிரேக்க நகரம் எப்படியும் கிடைத்திருக்காது. கிரேக்கர்கள் அங்கே எகிப்து மன்னரான பார்வோனின் அனுமதியில் கடை போட்டவர்கள். குடியிருக்க ஊரைக் கொடுத்தவர் அமாசிஸ் என்ற பார்வோன் என்கிறார் பழங்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். 1899இல் கிடைத்த பிற்காலப் பார்வோன் முதலாம் நெக்டனெபோவின் கல்வெட்டோ, கிரேக்கக் கடல்வழி வரும் சரக்கின் சுங்கத்திலும் நௌக்ராட்டிஸின் வரியிலும் பத்தில் ஒரு பங்கு சாயிஸ் என்ற எகிப்திய நகரத்தில் இருந்த நெய்த் தேவியின் கோயிலுக்கு என்று கறாராகச் சொல்கிறது.

பல நாட்டு அருங்காட்சியகங்களுக்குப் பிரிந்துபோன பொருட்களை பிரிட்டிஷ் அருங்காட்சியகம் இணையத்தில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறது, இலவசம்தான். கீறல் எழுத்துள்ள ஓடுகளைத் தேடிப் பாருங்கள்.