பிரேக்கும் கியரும் சேர்ந்து மக்கர் செய்தால்…

கேள்வி: என்னுடையது பழைய பெட்ரோல் பிக்கப், ஆட்டோமேட்டிக் கியர். பிரேக் பெடல் கல் மாதிரி இறுகுகிறது. பெடலை லேசாக்கும் பூஸ்டரை மாற்றியும் பலனில்லை. கியரும் தாமதமாக, இடித்துக்கொண்டு விழுகிறது. இரண்டு கோளாறா?

பதில்: பெரும்பாலும் ஒன்றுதான்: வேக்குவம், அதாவது இன்ஜினின் உறிஞ்சல், கசிவது. பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பலவற்றில், உறிஞ்சலை வைத்து ஆயில் அழுத்தத்தை மாற்றும் வேக்குவம் மாடுலேட்டர் உண்டு. அதற்கும் பிரேக் பூஸ்டருக்கும் இன்ஜினுக்குள் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டிலிருந்தே உறிஞ்சல் போகிறது. உறிஞ்சல் குறைந்தால், வண்டி பாரம் இழுக்கிறது என்று கியர்பாக்ஸ் எடுத்துக்கொண்டு ஆயில் அழுத்தத்தைக் கூட்டும். இடி அதனால்தான்.

மேனிஃபோல்டில் வேக்குவம் கேஜை மாட்டுங்கள். இன்ஜின் சூடானதும் ஐடிலிங்கில் முள் 17 முதல் 21 அங்குலத்தில் (பாதரச அளவு) ஆடாமல் நிற்க வேண்டும். குறைந்தால் ஹோஸ்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பிடியுங்கள். எதைப் பிடிக்கும்போது முள் ஏறுகிறதோ அந்த வழியில்தான் கசிவு. மேனிஃபோல்டில் சரியாகக் காட்டி, பூஸ்டர் முனையில் குறைந்தால், காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் செக் வால்வையோ உள்ளே ஒட்டிக்கொண்ட ஹோஸையோ மாற்றுங்கள்.

மாடுலேட்டர் ஹோஸைக் கழற்றியும் பாருங்கள். உள்ளே சிவப்பு ஆயில் ஈரம் தெரிந்தால் மாடுலேட்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வான டயஃப்ரம் கிழிந்துவிட்டது; ஆயிலை இன்ஜின் உறிஞ்சி எரிக்கிறது. தரையில் ஒரு சொட்டுகூட விழாமல் கியர் ஆயில் குறைவதும், சைலன்ஸரில் வெள்ளைப் புகை வருவதும் இதனால்தான். மாடுலேட்டரை மாற்றி, ஆயில் அளவைச் சரிசெய்யுங்கள். அதுவரை பாரம் ஏற்றாதீர்கள்.