பன்னிரண்டு சிட்டிங்குக்கு மொத்தமாகப் பணம் கட்டலாமா?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் இரண்டு மாதமாகச் சரியாகத் தூங்குவதில்லை. பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி என்கிறாள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. சைக்காலஜிஸ்டைப் பாருங்கள் என்றார் டாக்டர். பக்கத்துத் தெருவில் 'மனநல ஆலோசகர்' என்று போர்டு வைத்திருப்பவர், பன்னிரண்டு சிட்டிங்குக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்கிறார். கட்டலாமா? மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்துவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.
- ஒரு தாய், கரூர்

பதில்: இப்போது கட்டாதீர்கள், அம்மா. பிள்ளையைப் பார்க்காமலே பன்னிரண்டு என்று எப்படிச் சொல்ல முடியும்?

மாத்திரை பயத்தை முதலில் விடுங்கள். சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். அதை எழுதுபவர் சைக்கியாட்ரிஸ்ட், அதாவது எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படித்தவர். தேவைப்பட்டால் சைக்காலஜிஸ்டே அவரிடம் அனுப்புவார்.

'ஆலோசகர்' என்ற போர்டை யாரும் மாட்டலாம். அவர்களில் நல்லவர்களும் இருக்கிறார்கள், ஆனால் போர்டை வைத்து அது தெரியாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் பொதுவாக உளவியலில் முதுகலை முடித்து, அதன்மேல் இரண்டு வருட எம்.ஃபில். பயிற்சி எடுத்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருப்பார். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பெயருக்கு முன்னால் 'டாக்டர்' இருந்தாலே மருத்துவர் என்று நினைக்காதீர்கள், அது பிஎச்.டி.யாகவும் இருக்கலாம். என் தம்பி மகனுக்காக நான் தேடியபோது, எண்ணைக் கேட்டதுமே ஒருவர் போனை வைத்துவிட்டார். இன்னொருவர் உடனே வாட்ஸப்பில் அனுப்பினார். அவரிடம்தான் போனோம்.

முதல் நாள் முக்கால் மணி நேரம் பேச்சுதான். தூக்கம், சாப்பாடு, வீடு, வகுப்பு எல்லாவற்றையும் விசாரித்தார். அப்புறம் எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பையனிடம் தனியாகப் பேசினார். "உயிருக்கு ஆபத்து என்றால் உங்களிடம் சொல்வேன், மற்றதை அவன் சம்மதித்தால்தான் சொல்வேன்" என்று அவன் எதிரிலேயே சொன்னார். தம்பிக்கு முகம் சுருங்கியது. ஆனால் பையன் வாய் திறந்தது அதனால்தான். உங்கள் மகள் தனியாகப் பேசிவிட்டு வந்ததும் "என்ன சொன்னே?" என்று துருவாதீர்கள்.

ஒரு சிட்டிங்குக்கு மட்டும் பணம் கொடுங்கள், பில் வாங்குங்கள். பிரச்சினை என்ன, எப்படிச் சரிசெய்யப் போகிறார், எப்போது முன்னேற்றத்தைப் பார்க்கலாம் என்று கேளுங்கள். 'நூறு சதவீதம் குணம்' என்பவரிடம் திரும்பப் போக வேண்டாம்.

பணம் நெருக்கடி என்றால் உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடக் கூடாது. சாக வேண்டும் என்கிற மாதிரி ஒரு வார்த்தை அவள் வாயில் வந்தாலும் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீர்கள். அவளைத் தனியே விடாமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். 14416, அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசி எண். இலவசம். நடுராத்திரியிலும் தமிழிலேயே பேசலாம்.