பிஎம்டபிள்யூவுக்கு எந்த ரயர்? ஸ்காபரோவிலிருந்து ஒரு பதில்

தம்பி, ஜூலையில் கொழும்பிலிருந்து கனடாவுக்கு வந்து இறங்கி, செப்டெம்பரிலேயே பாவித்த 2020ஆம் ஆண்டு பிஎம்டபிள்யூ 330ஐ எக்ஸ்டிரைவ் (நாலு சில்லும் இழுக்கிற வகை) ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். முன்னுக்கு 225/40 ஆர் 19, பின்னுக்கு 255/35 ஆர் 19, நாலும் கோடை ரன்ஃபிளாட், அதாவது காற்றுப் போனாலும் கொஞ்சத் தூரம் ஓடுகிற ரயர். இதே சைஸில் வின்ரர் ரயர் எடுப்பதா, எந்தக் கொம்பனி நல்லது, நாலு சில்லும் இழுக்கிற கார் என்றால் வின்ரர் ரயர் உண்மையிலேயே வேணுமா என்று கேட்டிருந்தீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் வாறன். நாலு சில்லும் இழுப்பது கிளம்பத்தான் உதவும். நிற்கிற விஷயத்தில் எல்லாக் காருக்கும் நாலு சில்லுதான். வந்த புதிசில் நானும் எல்லாக் காலத்துக்கும் என்று விற்கிற ரயரின் "ஓல் சீசன்" என்ற பெயரை நம்பினவன். அந்த டிசம்பரில் மார்க்கம் றோட்டில் சிவப்பு விளக்குக்குப் பிரேக்கை மிதித்தேன். மிதி காலுக்குள் கடகடவென்று உதறியது. கார் அவசரப்படாமல், ஏதோ யோசித்துக்கொண்டு போவதுபோல, கோட்டைத் தாண்டிப் பாதிச் சந்திக்குள் போய்த்தான் நின்றது. குறுக்கே வந்த பஸ்காரர் ஹோர்ன்கூட அடிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அவர் இதைப்போல் எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ.

உங்களிடம் இருப்பது ஓல் சீசன்கூட இல்லை, கோடை ரயர். 7 பாகைக்குக் கீழே அந்த றப்பர் இறுகத் தொடங்கிவிடும். பனி விழ வேண்டும் என்றே இல்லை. நவம்பர் காலைக் குளிரில் காய்ந்த றோட்டிலேயே பிடி குறையும். கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை, ஆனால் 2016 ஜனவரியிலிருந்து இங்குள்ள காப்புறுதிக் கொம்பனிகள் வின்ரர் ரயர் போட்டவருக்குக் கழிவு கொடுத்தே ஆக வேண்டும். பெரிய தொகை இல்லை. கேட்டால்தான் தருவார்கள், அதனால் பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

இனி சைஸ். 19 அங்குலத்தில் வின்ரர் ரயர் எடுக்கவே வேண்டாம் என்பதுதான் என் பதில். 18 அங்குலத் தனி றிம் நாலு வாங்கி, நாலுக்கும் 225/45 ஆர் 18 போடுங்கள். உயரம் மாறி ஸ்பீடோமீற்றர் பிழையாகக் காட்டுமோ என்று பயப்பட வேண்டாம். கணக்கு சின்னது: 225 என்பது மில்லிமீற்றரில் ரயரின் அகலம், பக்கச் சுவரின் உயரம் அதில் 45 வீதம், அதாவது 101.25 மில்லிமீற்றர், மேலும் கீழுமாக இரண்டு தரம் 202.5, 18 அங்குலம் 457.2, கூட்டினால் 659.7. இப்போது கிடக்கிற முன் ரயர் இதே கணக்கில் 662.6, பின் ரயர் 661.1. மூன்று மில்லிமீற்றர்கூட வித்தியாசம் இல்லை. எக்ஸ்டிரைவ் காருக்கு இந்தக் கணக்கு முக்கியம். முன்னும் பின்னும் சுற்றளவு வேறுபட்டால், இரண்டுக்கும் நடுவில் விசையைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி ஓயாமல் இழுபட்டுத் தேயும். அதனால்தான் எக்ஸ்டிரைவில் இரண்டு ரயர் மட்டும் புதிசாக மாற்றுவதையும் நான் ஒத்துக்கொள்வதில்லை. நாலும் ஒரே அகலம் என்றால் இன்னொரு லாபம், முன்பின் மாற்றிப் போட்டு எல்லாவற்றையும் ஒரே சீராகத் தேய்க்கலாம். உங்கள் 19இல் அது நடக்காது.

இன்னொரு காரணம் மார்ச் மாதத்தில் தெரியும். பனி உருகிய தண்ணீர் தார் வெடிப்புக்குள் இறங்கி, இரவில் உறைந்து வீங்கி, றோட்டைப் பெயர்த்துவிடும். என் அடுத்த கார் 19 அங்குலச் சில்லு போட்ட பென்ஸ். ஃபிஞ்ச் அவெனியூவில் தண்ணீர் நிறைந்த ஒரு குழி, வெறும் ஈரம் என்று நினைத்து ஏற்றினேன். "டொக்" என்று ஒரே ஒரு சத்தம். வீட்டுக்கு வந்து குந்தியிருந்து பார்த்தால் ரயரின் பக்கச் சுவரில் கோழிமுட்டையைப் பாதியாக வெட்டி ஒட்டியதுபோல ஒரு வீக்கம், றிம்மின் உள் விளிம்பும் வளைந்திருந்தது. வீக்கம் என்றால் உள்ளே நூல் அறுந்துவிட்டது, அதற்குப் பிறகு ஒட்டுப் போட வழியில்லை. 40, 35 என்ற உயரத்தில் றிம்முக்கும் குழிக்கும் நடுவில் றப்பரே கொஞ்சம்தான்.

17 அங்குலத்தில் 225/50 போட்டால் இன்னும் மெத்தென்று ஓடும், விலையும் குறையும். ஆனால் உங்கள் காரில் எம் ஸ்போர்ட் பிரேக் இருந்தால் பிரேக் தட்டைப் பிடித்து நிறுத்துகிற அந்தப் பெரிய கலிப்பரில் 17 றிம் முட்டலாம். 18இல் அந்தத் தலையிடி இல்லை.

பழைய றிம் தேடப் போகிறவர்கள் தவறாமல் விழுகிற குழி ஒன்று இருக்கிறது. உங்களுக்கு முந்திய தலைமுறை 3 சீரிஸில் ஐந்து போல்ட்டும் 120 மில்லிமீற்றர் வட்டத்தில் இருக்கும், உங்கள் காரில் 112. "3 சீரிஸ் றிம், கட்டாயம் பொருந்தும்" என்று சொல்பவரை நம்பிக் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

கொம்பனிக்கு வருவோம். குளிர்கால ரயரிலும் இரண்டு சாதி உண்டு. பைரெல்லி சொட்டோசீரோ, மிச்சிலின் பைலட் அல்பின் போன்றவை ஐரோப்பாவின் ஈரக் குளிருக்கும் வேகச் சாலைக்கும் ஏற்றவை. ஓட்டச் சுகமாக இருக்கும், ஐஸில் அவ்வளவு பிடிக்காது. நமக்கு வேண்டியது மற்றச் சாதி: மிச்சிலின் எக்ஸ் ஐஸ், பிரிட்ஜ்ஸ்டோன் பிளிஸாக், நோக்கியன் ஹக்கபெலீட்டா, கொன்டினென்டல் வைக்கிங்கொன்ராக்ட். பிளிஸாக் ஐஸில் கெட்டிக்காரன், கொஞ்சம் கெதியாகத் தேயும். நோக்கியன் 1934இல் முதல் வின்ரர் ரயரைச் செய்த பின்லாந்துக்காரர். நான் போட்டிருப்பது எக்ஸ் ஐஸ். சத்தம் குறைவு, பல வருஷம் வரும். இவற்றில் வேக எழுத்து எச் (H) அல்லது டி (T) என்றிருக்கும், அதாவது மணிக்கு 210 அல்லது 190 கிலோமீற்றர் வரை. 401 நெடுஞ்சாலையில் உங்களுக்கு அதற்கு மேல் என்ன தேவை? பாரக் குறியீட்டில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சாரதிக் கதவோரம் ஒட்டியிருக்கிற ஸ்ரிக்கரில் உள்ள எண்ணுக்குக் குறையக் கூடாது. 225/45 ஆர் 18இல் 91 என்று வரும் ரயர் 615 கிலோ தாங்கும், 95 என்றால் 690. பின்னதைக் கேளுங்கள்.

ரன்ஃபிளாட்தான் வேணுமா என்றால், எனக்கு வேண்டாம். காற்றுப் போனாலும் 80 கிலோமீற்றர் வேகத்தில் இன்னுமொரு 80 கிலோமீற்றர் ஓடலாம் என்பது உண்மை. ஆனால் விறைப்பு, விலை இரண்டும் கூட. சாதாரண ரயருக்கு மாறினால் உங்கள் காரில் மேலதிகச் சில்லு இல்லை என்பதை மறக்காமல், ஒரு சின்னப் பம்பும், வழியில் கார் நின்றால் உதவிக்கு வருகிற சிஏஏ சங்கத்தின் அங்கத்துவமும் வைத்திருங்கள்.

பூட்டுவதற்கு முன் ரயரின் பக்கச் சுவரில் டொட் (DOT) என்று தொடங்குகிற எழுத்தின் கடைசி நாலு எண்ணை வாசியுங்கள். 3522 என்றால் 2022இன் 35ஆவது வாரம். எனக்கு ஒருமுறை ஒரு கடையில் "புதுசு" என்று காட்டிய ரயருக்கு ஐந்து வயது. பூட்டி 100 கிலோமீற்றர் ஓடியதும் போல்ட்டுகளைத் திரும்ப இறுக்கிப் பார்க்க வேண்டும்.

முதல் பனி விழுந்த அன்றைக்குக் கராஜில் இடம் கிடைக்காது, ஒக்டோபருக்குள் நேரம் எடுத்துவிடுங்கள். அதற்கு முதல் இன்றைக்கே கதவைத் திறந்து அந்த ஸ்ரிக்கரைப் படம் எடுத்து அனுப்புங்கள். சில்லுக் கம்பிகளுக்குள்ளால் குனிந்து, கலிப்பர் நீல நிறமா என்றும் பாருங்கள். நீலம் என்றால் 17 றிம் கதையை விட்டுவிடலாம்.