மழைக்குப் பிறகு அதே வயலில் காமா அளவு ஏன் மாறுகிறது?

ஒரே இடம், ஒரே கருவி. மழைக்கு முன்னும் பின்னும் காமா அளவு (மண்ணிலுள்ள பொட்டாசியம், யுரேனியம், தோரியம் இயற்கையாக உமிழும் காமா கதிர்களின் அளவு) ஏன் வேறுபடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முக்கியக் காரணம் ஈரம்தான்.

கருவியை எட்டும் மண்ணின் காமா கதிர்களில் பெரும்பகுதி மேல் 30 முதல் 50 செ.மீ. ஆழத்துக்குள்ளிருந்தே வருகிறது. மண்துகள்களுக்கு இடையே நீர் புகும்போது கதிரை உறிஞ்சும் பொருள் கூடுகிறது, உமிழும் பொருள் கூடுவதில்லை. ஈரப்பதம் 10 சதவீதம் ஏறினால் கருவி எண்ணும் கதிர்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய அதே அளவு இறங்கும். மண் இறுகுவது வேறு கதை: உமிழ்வதும் உறிஞ்சுவதும் சேர்ந்தே கூடுவதால் பெரும்பாலும் ஈடாகிவிடும்.

ஆனால் மழை பெய்யும்போதே அளந்தால் எண்ணிக்கை ஏறும்! யுரேனியத்தின் சிதைவில் பிறந்து காற்றில் கலந்த ரேடான் என்னும் கதிரியக்க வாயு மேலும் சிதைந்து உண்டான ஈயம்-214, பிஸ்மத்-214 இரண்டையும் மழை தரைக்கு இறக்கிவிடுகிறது. யுரேனியத்தைக் கணிக்க நாம் பார்ப்பதே பிஸ்மத்-214 உமிழும் 1764 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள கதிரைத்தான். அதனால் யுரேனியம் கூடியதுபோல் தோன்றும். இவற்றின் அரை ஆயுள் (பாதி அளவு சிதைய ஆகும் நேரம்) முறையே சுமார் 27, 20 நிமிடம். மழை விட்டு மூன்று மணி நேரமாவது பொறுங்கள்.

மண்வகையும் உண்டு. களிமண்ணில் பொதுவாகப் பொட்டாசியமும் தோரியமும் அதிகம், குவார்ட்ஸ் மணலில் குறைவு. தோரியம் செறிந்த மோனசைட் கனிமம் கலந்த மணல் விதிவிலக்கு.

அளக்கும் இடத்திலேயே மண் மாதிரி எடுத்து, உலர்த்தி, ஈரப்பதத்தைக் குறித்து வையுங்கள். அது இல்லாமல் இரு நாள் அளவுகளை ஒப்பிட வேண்டாம்.