‘தி விக்கர் மேன்’ டிவிடியில் காவல் நிலையக் காட்சி இல்லை: டிஸ்க் பழுதா?

பிரிட்டிஷ் திகில் படமான ‘தி விக்கர் மேன்’ பற்றி ஒரு திகில் எழுத்தாளர் சிலாகித்து எழுதியிருந்த தொடக்கக் காவல் நிலையக் காட்சி உங்கள் டிவிடியில் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். டிஸ்க்கில் பழுதில்லை. உங்களிடம் இருப்பது படத்தின் வேறொரு வடிவம். அந்தக் காட்சி நீளமான வடிவத்தில் மட்டும்தான் வரும்.

1973இல் பிரிட்டனில் வெளியானபோதே படத்தை வெட்டி சுமார் 88 நிமிடமாக்கிவிட்டார்கள். நீளமானது சுமார் 99. இயக்குநர் ராபின் ஹார்டியின் ஒப்புதலோடு 2013இல் வந்த ‘ஃபைனல் கட்’ சுமார் 94. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அதிலும் காவல் நிலையம் கிடையாது.

ஒன்றைச் சோதித்துப் பாருங்கள்: இரவில் நத்தைகள் ஊர்ந்துகொண்டிருக்க, நடிகர் கிறிஸ்டோபர் லீ, அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் கவிதை வரிகளைச் சொல்லும் காட்சி இருக்கிறதா? இல்லையென்றால் 88 நிமிட வடிவம். அது இருந்து காவல் நிலையம் மட்டும் இல்லையென்றால் ஃபைனல் கட்.

புதிதாக வாங்கும்போது நிமிடக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். ஐரோப்பாவின் பிஏஎல் (PAL) என்ற டிவி முறைக்கான டிவிடிகளில் படம் நொடிக்கு 24க்குப் பதில் 25 ஃப்ரேம் ஓடும். அதனால் 99 நிமிடப் படம் அட்டையில் 95 ஆகிவிடும், ஃபைனல் கட் என்று நினைத்து விட்டுவிடுவீர்கள்.

அந்த எழுத்தாளர் கூடவே பரிந்துரைத்த டேவிட் பின்னரின் ‘ரிச்சுவல்’ (1967) நாவலில் இந்தக் காட்சியைத் தேட வேண்டாம். அது கார்ன்வாலில் நடக்கும் கதை, படம் அதிலிருந்து பொறியை மட்டும்தான் எடுத்துக்கொண்டது. ஆனாலும் படிக்கலாம்.

அப்புறம், நீளமான வடிவத்தில் சேர்த்த காட்சிகள் மங்கலாகத்தான் இருக்கும். மூல நெகட்டிவ் தொலைந்துபோனதால் வீடியோ டேப்பிலிருந்து எடுத்தவை. அதைப் பழுதென்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.