கடலுக்குத் தேங்காய் விடும் நாளில்

அன்புள்ள சார்,

நான் மும்பை செம்பூரில் இருக்கிறேன். ஜூன் 8, உலகப் பெருங்கடல் நாளன்று நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு நிகழ்ச்சி நடத்தினோம். அரங்கு நிறைந்துவிட்டது. மூன்று பேச்சு, குழந்தைகளின் ஓவியங்கள், கடைசியில் உறுதிமொழி. சிறப்பு விருந்தினராக வந்த அதிகாரி ஒரு மணி நேரம் தாமதமாக வந்து, விளக்கேற்றி, நாலு வார்த்தை பேசிவிட்டு இருபது நிமிடத்தில் கிளம்பிவிட்டார். நாங்கள் ராத்திரி பகலாகத் தயாரித்த பன்னிரண்டு பக்க அறிக்கை மேஜையிலேயே கிடந்தது. ஆட்சியில் இருப்பவர்களிடம் கடலைப் பற்றிப் பேச இந்த மாதிரி நிகழ்ச்சிகள் உதவவே உதவாதா? அடுத்த வருடம் நடத்துவதா வேண்டாமா என்று எங்களுக்குள் சண்டை.

கே., செம்பூர்

அன்புள்ள கே.,

நடத்துங்கள். கட்டாயம் நடத்துங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நிகழ்ச்சியில் என்னென்ன நடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் மீன் பிடிக்கிறவர் ஒருவர்கூட இல்லை. செம்பூரிலிருந்து மாஹுல் கோலிவாடா, அதாவது கோலி மீனவர்களின் குடியிருப்பு, ஆட்டோவில் போகிற தூரம்தான். ட்ராம்பே கோலிவாடாவும் பக்கம்தான். அதிகாரி சீக்கிரம் கிளம்பியது எனக்கும் வருத்தம். ஆனால் அந்த அரங்கில் அவரிடம் கேள்வி கேட்க உரிமையுள்ள ஆள் ஒருவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தால் அவ்வளவு எளிதாக எழுந்து போயிருக்க மாட்டார்.

குஜராத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சௌராஷ்டிரக் கடற்கரையில் ஒரு காலத்தில் திமிங்கலச் சுறாவை நூற்றுக்கணக்கில் கொன்றார்கள். உலகத்திலேயே பெரிய மீன் அது. யாரையும் கடிக்காது, வாயைத் திறந்துகொண்டு மிதவை உயிரிகளைத் தின்றபடி மெதுவாகப் போகும். கொக்கியில் பீப்பாயைக் கட்டிவிட்டு அது களைக்கும்வரை விடுவார்கள். அதனால் மீனவர்கள் அதற்கு வைத்த பெயரே ‘பேரல்’. ஈரல் எண்ணெயைப் படகுக்குப் பூசினார்கள், இறைச்சி ஏற்றுமதியானது. ஓர் ஆவணப்படம் இதை வெளியே கொண்டுவந்தது. 2001ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அதைச் சேர்த்தார்கள். இந்தியாவில் அந்தச் சட்டப் பாதுகாப்பு கிடைத்த முதல் மீன் அதுதான்.

சட்டம் வந்துவிட்டது, ஆனால் கரையில் இருந்தவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. 2004ல் வனத்துறையும் சில அமைப்புகளும் சேர்ந்து ஊர் ஊராகப் போனார்கள். காற்றடைத்த பிரம்மாண்டமான சுறா பொம்மை ஒன்று துறைமுகம் துறைமுகமாகப் போனது. கதாகாலட்சேபம் செய்யும் மொராரி பாபு அந்த மீனுக்குப் புதுப்பெயர் வைத்தார்: வஹாலி, அதாவது செல்லமானவள். பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் அவள், வந்த மகளை யாராவது வெட்டுவார்களா என்று கேட்டார். அதையே வீதி நாடகமாகப் போட்டார்கள். போர்பந்தர் போன்ற ஊர்கள் அவளைத் தங்கள் ஊரின் சின்னமாக ஏற்றுக்கொண்டன. பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். வலையில் சிக்கிய சுறாவை மீனவர்களே வலையை அறுத்து விட ஆரம்பித்தார்கள். அறுந்த வலைக்கு வனத்துறை இழப்பீடு கொடுத்தது. ‘பேரல்’ என்று கூப்பிட்ட அதே வாய் ‘வஹாலி’ என்று கூப்பிட்டது. தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்து வந்த எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

உங்கள் பன்னிரண்டு பக்கத்தில் இப்படி ஒரு பெயர் இருந்ததா?

இனி மும்பைக்கே வருகிறேன். கடற்கரைச் சாலையை பாந்த்ரா–வொர்லி பாலத்தோடு இணைக்கும் இடத்தில் படகு போய்வரத் தூண்களுக்கு நடுவே 60 மீட்டர் இடைவெளி விடுவதாகத் திட்டம். வொர்லி கோலிவாடாக்காரர்கள் அது போதாது என்றார்கள். பாறையும் நீரோட்டமும் உள்ள இடம், அலை படகைப் பக்கவாட்டில் தள்ளினால் தூணில் மோதும். 200 மீட்டர் கேட்டார்கள். மனு கொடுத்தார்கள், படகுகளைக் கொண்டுபோய் வேலையை மறித்தார்கள், பல சுற்றுப் பேச்சுவார்த்தை நடந்தது. 2022 கடைசியில் 120 மீட்டருக்கு அரசு ஒத்துக்கொண்டது. கேட்டது முழுதும் கிடைக்கவில்லைதான். ஆனாலும் கான்கிரீட் போட ஆரம்பித்த திட்டத்தில் ஒரு தூணை எடுக்க வைத்தார்கள். ‘கடலைக் காப்போம்’ என்று பொதுவாகச் சொல்லாமல் இத்தனை மீட்டர் என்று கேட்டார்கள், அது யார் கையில் இருக்கிறதோ அவரிடமே கேட்டார்கள்.

இது மிகவும் முக்கியம். கடல் ஒன்றாகத் தெரிகிறது, ஆனால் அரசுக் கோப்புகளில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடிப்பு மாநில அரசின் பொறுப்பு. கரையில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்ற விதி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துடையது. சாக்கடையும் மீன் மார்க்கெட்டும் மாநகராட்சி. உங்களிடம் வந்த அதிகாரி எந்தத் துறை என்று நீங்கள் எழுதவில்லை. பன்னிரண்டு பக்கத்தில் அவர் கையெழுத்துப் போடக்கூடிய விஷயம் எத்தனை இருந்தது? எண்ணிப் பாருங்கள்.

காலமும் அப்படித்தான். கடலோர ஒழுங்குமுறை விதிகளுக்கு 2018 ஏப்ரலில் புது வரைவு வந்தபோது, கருத்துச் சொல்ல 60 நாள் கொடுத்தார்கள். 2019 ஜனவரியில் விதி வந்துவிட்டது. சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் கடலோரக் கிராமப்புறங்களில், கட்டடம் கூடாத பகுதி 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருங்கிவிட்டது. அந்த 60 நாளுக்குள் போட்டிருக்க வேண்டிய கூட்டங்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. நானும் அப்போது ஒன்றும் செய்யவில்லை.

சரி, அடுத்த வருடத்துக்கு வருவோம். ஜூன் 8 வேண்டாம். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. நம் ஊர்ப் பக்கக் கிழக்குக் கரையிலும் ஏப்ரல் 15ல் தொடங்கும் தடை ஜூன் 14 வரை ஓடும். படகெல்லாம் கரையேறி, மழை பிடித்துக்கொள்ளும் நேரம். அதற்குப் பதில் நாரளி பௌர்ணமியை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுங்காவில் பெரும்பாலும் நம்மவர்களின் ஆவணி அவிட்டமும் அன்றைக்குத்தான் வரும். கோலிகள் கடலுக்குத் தேங்காய் விட்டு, படகைப் பூஜித்துத் தொழிலுக்குப் புறப்படுகிற நாள். மேடையோ பேனரோ நீங்கள் போட வேண்டியதில்லை, ஊரே கரையில் இருக்கும். வந்த அதிகாரியும் பாட்டு முடியாமல் கிளம்ப முடியாது.

கேட்பது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும், அதுவும் ஒரே பக்கத்தில். உதாரணத்துக்கு ஒன்று சொல்கிறேன். 2023ல் மகாராஷ்டிர அரசு 54 வகை மீன் இனங்களுக்குக் குறைந்தபட்ச அளவு வைத்தது, அதற்குச் சிறியதைப் பிடிக்கக் கூடாது. அதே ஆண்டு செப்டம்பரில் வெள்ளி வாவலை மாநில மீனாக அறிவித்தது. அப்புறமும் உள்ளங்கை அளவு வாவலைத் தட்டில் அடுக்கி விற்பதை நானே பார்க்கிறேன். வாங்குகிற நமக்கும் அளவு தெரியாது. மாநகராட்சி மீன் மார்க்கெட் ஒவ்வொன்றிலும் அந்த அளவுகளை மீன் படத்தோடு மராத்தியில் எழுதிப் பலகை வைக்கச் சொல்லுங்கள். முதல் பலகையை எந்த மார்க்கெட்டில், எந்தத் தேதிக்குள் என்றும் கேளுங்கள். மீன் விற்கும் கோலிப் பெண்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அவர்களுக்கு இதில் என்ன கஷ்டம் என்று கேட்காமல் பலகை வைத்தால் அது மறுநாளே கூடைக்குப் பின்னால் போய்விடும். அந்தப் பக்கத்தை அதிகாரி கையில் கொடுப்பதும் அவர்களில் ஒருவராக இருக்கட்டும்.

குழந்தைகளின் ஓவியங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மழை முடிந்ததும் ஹாஜி அலி பக்கம் ஓதம் வற்றும் நேரம் பார்த்து அந்தப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். பாறைக் குட்டைகளில் கடற்சாமந்தி, நண்டு, சங்கு எல்லாம் கண்ணெதிரே இருக்கும். அங்கே பார்த்துவிட்டு அவர்கள் வரைவதைத்தான் பலகைக்குக் கொடுக்க வேண்டும்.

மாஹுலுக்கு எந்த ஞாயிற்றுக்கிழமை போகிறீர்கள் என்று எழுதுங்கள். நானும் வருகிறேன். என் மராத்தி சுமார்தான், ஆனால் வலையைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு வரும்.

அன்புடன்.