ரிப்போர்ட் செய்தும் படம் போகவில்லையே, ஏன்?

சமூக வலைத்தளங்களில் தங்கள் படத்தை, பெயரை வைத்துத் தொல்லை கொடுக்கிறார்கள் என்று எழுதிய வாசகர்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எழுதியவர்களின் பெயரை வெளியிடவில்லை.

என் படத்தை வைத்து இன்ஸ்டாகிராமில் யாரோ ஃபேக் ஐடி ஆரம்பித்து, கூடப் படித்தவர்களுக்கெல்லாம் அசிங்கமாக மெசேஜ் அனுப்புகிறார்கள். 40 பேரை ரிப்போர்ட் செய்யச் சொன்னேன். 'விதிமீறல் இல்லை' என்றே பதில் வருகிறது. இன்னும் எத்தனை பேர் செய்ய வேண்டும்?
– வாசகி, நாமக்கல்

ஒருவர் போதும். அந்த ஒருவர் நீங்களாக இருக்க வேண்டும்.

எத்தனை பேர் ரிப்போர்ட் செய்தார்கள் என்பதை வைத்து முடிவெடுப்பதில்லை என்று இன்ஸ்டாகிராமே சொல்கிறது. எந்தக் காரணத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதுதான் முக்கியம். அவசரத்தில் பலரும் 'ஸ்பேம்' என்பதையோ 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பதையோ தொட்டுவிடுகிறார்கள். அப்போது அது ஸ்பேமா என்று மட்டுமே பார்ப்பார்கள். சேலை கட்டிய ஒரு பெண்ணின் படத்தில் ஸ்பேமும் இல்லை, ஆபாசமும் இல்லை. அது உங்கள் படம் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

போலிக் கணக்கின் முகப்புக்குப் போய், மேலே வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொடுங்கள். 'ரிப்போர்ட்', பிறகு கணக்கையே ரிப்போர்ட் செய்வது, பிறகு 'வேறொருவர் போல நடிக்கிறார்', அதில் 'நான்'. உங்களுக்கு இன்ஸ்டாகிராம் கணக்கே இல்லையென்றால், அவர்களுடைய உதவிப் பக்கத்தில் ஆள்மாறாட்டப் புகாருக்குத் தனிப் படிவம் இருக்கிறது. அரசு அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி எடுத்த படம் கேட்பார்கள். முகமும் அட்டையிலுள்ள பெயரும் தெளிவாகத் தெரிய வேண்டும். ஆள்மாறாட்டப் புகாரைப் பாதிக்கப்பட்டவரோ அவருடைய பிரதிநிதியோ கொடுத்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். தோழிகளின் 40 ரிப்போர்ட்டும் வீணானதற்கு இதுவும் காரணம்.

அதற்கும் பலனில்லையென்றால் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். இந்தியாவின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு தளமும் அப்படி ஒருவரை நியமித்து, தொடர்பு விவரத்தை வெளியிட்டிருக்க வேண்டும். புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்ற கெடு நிர்வாணப் படங்களுக்கு மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். விதி 3(2)(பி)யில் ஆள்மாறாட்டமும் மார்ஃபிங் செய்த படமும் சேர்ந்தே இருக்கின்றன. 2021-ல் வைத்த கெடு 24 மணி நேரம். அதற்குப் பின் வந்த திருத்தங்கள் கெடுக்களைக் குறைத்தே வந்திருக்கின்றன. கடிதம் நீளமாக வேண்டாம். இவ்வளவு போதும்:

"பொருள்: 2021 விதிகள், விதி 3(2)(பி)யின் கீழ் ஆள்மாறாட்டப் புகார். கீழே உள்ள கணக்கு என் படத்தையும் பெயரையும் வைத்து, என் அனுமதி இல்லாமல் நடத்தப்படுகிறது. போலிக் கணக்கின் லிங்க்: … என் கணக்கின் லிங்க்: … செயலி வழியாக ரிப்போர்ட் செய்த தேதி: … கிடைத்த பதில்: … கணக்கை நீக்கக் கோருகிறேன். அடையாள அட்டை இணைப்பில்."

பதில் திருப்தி இல்லையென்றால், அது கிடைத்த 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம். 2023 மார்ச் முதல் இயங்குகிறது. முழுக்க ஆன்லைன், கட்டணம் கிடையாது. முகவரி: ஜிஏசி டாட் ஜிஓவி டாட் இன். குறைதீர் அலுவலருக்கு எழுதாமல் நேரே இங்கே போனால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அந்தப் படியைத் தாண்டாதீர்கள்.

'விதிமீறல் இல்லை' என்று பதில் வந்தால், யாரோ உட்கார்ந்து பார்த்துத்தான் சொன்னார்கள் என்று நினைக்க வேண்டாம். இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் மேற்பார்வை வாரியம் 2024 ஜூலையில் ஒரு தீர்ப்பு சொன்னது. இந்தியப் பிரபலப் பெண்மணி ஒருவரின் சாயலில் ஏஐ மூலம் செய்த நிர்வாணப் படம் அது. ஒருவர் ரிப்போர்ட் செய்தார். 48 மணி நேரத்தில் யாரும் பார்க்காததால் புகார் தானாகவே மூடப்பட்டது. மேல்முறையீடும் அப்படியே மூடப்பட்டது. விஷயம் வாரியத்துக்குப் போன பிறகுதான் படத்தை எடுத்தார்கள். பிரபலத்தின் படத்துக்கே இந்த நிலை. முதல் பதிலோடு மனம் உடைந்து விட்டுவிடாதீர்கள், 'மறுபரிசீலனை' பொத்தானைக் கட்டாயம் அழுத்துங்கள்.

என் தங்கையின் படத்தைப் போட்டிருந்த பதிவை ரிப்போர்ட் செய்தேன். இரண்டே மணி நேரத்தில் போய்விட்டது. இப்போது சைபர் க்ரைம் ஸ்டேஷனில் 'எதை வைத்து வழக்குப் போடுவது?' என்று கேட்கிறார்கள்.
– வாசகர், திருநெல்வேலி

உங்கள் கண்ணுக்குத்தான் போய்விட்டது. புகாரின் பேரில் நீக்கிய பதிவையும் அதோடு சேர்ந்த விவரங்களையும் விசாரணைக்காக 180 நாள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்று அதே 2021 விதிகள் சொல்கின்றன. போலீஸ் முறைப்படி கேட்டால் கொடுத்தாக வேண்டும். எனவே இன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். 180 நாள் என்பது நினைப்பதைவிட வேகமாக ஓடிவிடும். உங்கள் செயலியின் உதவிப் பகுதியில் நீங்கள் செய்த ரிப்போர்ட்டின் தேதியும் முடிவும் இருக்கும். அதைப் படம் எடுத்து இணையுங்கள். பதிவைப் பார்த்த உறவினர் யாராவது ஸ்க்ரீன்ஷாட் வைத்திருந்தால் அதையும் சேருங்கள்.

வரிசை எப்போதும் இதுதான்: முதலில் ஆதாரம், பிறகு ரிப்போர்ட், கடைசியில் பிளாக்.

ஸ்க்ரீன்ஷாட் மட்டும் பத்தாது, லிங்க் வேண்டும். அனுப்பியவரின் பெயரைப் படம் எடுத்து வைத்தால், அவர் ராத்திரியே பெயரை மாற்றிவிடுவார். போனில் ஸ்க்ரீன் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, அந்தக் கணக்கின் முகப்பு, பிறகு பதிவு, அதன் தேதி, கமென்ட்டுகள் என்று நிதானமாக நகருங்கள். பிறகு முகப்பின் லிங்க், பதிவின் லிங்க் இரண்டையும் தனித்தனியாக காப்பி செய்து, நேரத்தோடு குறித்து வையுங்கள். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், அதை முதலில் எடுங்கள். ஒருமுறை மட்டும் பார்க்கக்கூடிய வாட்ஸ்அப் படத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுக்க முடியாது. இன்னொரு போனால் திரையைப் படம் பிடியுங்கள்.

எடுத்ததை வெட்டாதீர்கள், மேலே வட்டம் போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும்; அனுப்பியே ஆக வேண்டுமென்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். வழக்கு முடியும்வரை அந்தப் போனை ரீசெட் செய்யவோ விற்கவோ கூடாது. பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63(4)ன்படி மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் வேண்டும், அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் (கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் அடையாள எண்) எழுத வேண்டும். மூலப் போன் கையில் இருந்தால் அந்த வேலை சுலபம்.

நிச்சயம் செய்திருந்த பையனோடு உறவு முறிந்துவிட்டது. நம்பி அனுப்பிய படங்களை வெளியிடுவேன் என்று மிரட்டுகிறான். இன்னும் போடவில்லை. போடும்வரை காத்திருக்க வேண்டுமா?
– வாசகி, ஊர் வேண்டாம்

காத்திருக்க வேண்டாம். முதலில் ஒன்று: பயத்தில் அந்தப் படங்களை உங்கள் போனிலிருந்து அழித்துவிடாதீர்கள். அழித்திருந்தால் போனின் குப்பைத்தொட்டியில் தேடுங்கள். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் 60 நாள் வரை அங்கே இருக்கும்.

படம் ஏன் வேண்டும் என்றால், ஸ்டாப் என்சிஐஐ டாட் ஆர்க் என்ற இலவசச் சேவைக்கு. 2021 டிசம்பரில் பிரிட்டனிலிருந்து தொடங்கியது. அந்தத் தளத்தைத் திறந்து படத்தைத் தேர்ந்தெடுத்தால், உங்கள் போனுக்குள்ளேயே அதிலிருந்து ஹேஷ் என்ற நீண்ட எண் ஒன்றைக் கணக்கிட்டு எடுக்கும். அந்த எண் மட்டும்தான் வெளியே போகும். படம் போகாது, யாரும் பார்க்க மாட்டார்கள். எண்ணிலிருந்து படத்தைத் திரும்பச் செய்யவும் முடியாது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ரெடிட், ஸ்னாப்சாட், பம்பிள், பிங் போன்றவை அந்த எண்ணை வாங்கி வைத்து, அதே எண் வரும் படம் தங்கள் தளத்தில் இருந்தால் பிடிக்கும்.

முடிவில் ஒரு கேஸ் எண்ணும் பின் நம்பரும் வரும். உடனே எழுதி வையுங்கள். பின் தொலைந்தால் திரும்பக் கிடைக்காது, கேஸின் நிலையைப் பார்க்கவே முடியாது. படத்தை வெட்டினாலோ ஃபில்டர் போட்டாலோ எண் மாறக்கூடும். அதனால் அவன் மிரட்டலோடு அனுப்பிய பிரதி, உங்களிடம் உள்ள மூலம் இரண்டையும் பதியுங்கள். இதில் சேராத தளங்களில் பலன் இல்லை. வாட்ஸ்அப்பையும் டெலிகிராமையும் இது தடுக்காது.

போலீஸ் புகாரும் கூடவே போகட்டும். 'நீதானே அனுப்பினாய்' என்று யாராவது கேட்டால் கூனிக் குறுக வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 77, படம் எடுக்கச் சம்மதித்திருந்தாலும், பரப்பச் சம்மதிக்காதபோது பரப்பினால் குற்றம் என்றே சொல்கிறது. மிரட்டல் தனிக் குற்றம், பிரிவு 351. பணம் கேட்டால் பிரிவு 308. சைபர் க்ரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான பகுதியில் பதியலாம். அங்கே பெயர் சொல்லாமலும் புகார் செய்ய வழி உண்டு, ஆனால் அதன் நிலையைப் பிறகு தொடர முடியாது. உங்கள் விஷயத்தில் பெயர் கொடுத்துப் பதிவதே நல்லது. தனியாக ஸ்டேஷன் போகத் தயங்கினால் மகளிர் உதவி எண் 181-ஐ அழையுங்கள். பணம் எதுவும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் பேசி, பரிவர்த்தனை எண்ணைச் சொல்லுங்கள்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளின் படத்தைப் பள்ளி நண்பர்கள் குரூப்பில் பரப்பிவிட்டார்கள். ஆதாரமாக எல்லாவற்றையும் என் போனில் சேமித்து வைத்திருக்கிறேன்.
– ஒரு தந்தை, திருச்சி

ஐயா, மேலே சொன்ன ஆதாரம் சேமிக்கும் முறை இங்கே பொருந்தாது. 18 வயதுக்கு உட்பட்டவரின் ஆபாசப் படத்தைச் சேமிப்பதும் பகிர்வதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவிலும் போக்சோவிலும் வருகிறது. டவுன்லோடு செய்து தனியாகப் பார்த்தால் குற்றமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை, 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. மகளைக் காக்க நினைக்கும் தந்தையை யாரும் குற்றவாளியாகப் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் மேற்கொண்டு பிரதி எடுக்காதீர்கள், வக்கீலுக்கோ ஆசிரியருக்கோ ஃபார்வேர்டு செய்யாதீர்கள். குரூப் பெயர், உறுப்பினர் எண்கள், அனுப்பிய நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, போனோடு நேரே ஸ்டேஷனுக்குப் போங்கள். 1098-ல் குழந்தைகள் உதவி மையம் இருக்கிறது.

படம் மற்ற தளங்களுக்குப் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' சேவை உண்டு, அமெரிக்காவின் குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பான என்சிஎம்இசி 2023 பிப்ரவரியில் தொடங்கியது. முறை ஸ்டாப் என்சிஐஐ போன்றதே. மகளின் போனிலுள்ள மூலப் படத்தை வைத்தே செய்யலாம், பெயர் கேட்க மாட்டார்கள். இன்று 22 வயதானவருக்கும் இது உதவும், படம் எடுத்தபோது 18 ஆகவில்லை என்றால்.

சைட்டிலிருந்து படத்தை எடுத்துவிட்டார்கள். கூகுளில் என் பெயரைப் போட்டால் இன்னும் வருகிறது.
– வாசகி, மதுரை

கூகுளின் பழைய பதிவு அது. 'காலாவதியான உள்ளடக்கத்தைப் புதுப்பிக்க' என்று தனிக் கருவி வைத்திருக்கிறார்கள், அதில் லிங்க்கைக் கொடுங்கள். சைட் எடுக்க மறுத்தால், அந்தரங்கப் படங்களை நீக்கும் படிவம் வேறு. அங்கே படத்தின் லிங்க், அது இருக்கும் பக்கத்தின் லிங்க் இரண்டையும் போட வேண்டும். ஒன்றை மட்டும் போட்டுவிட்டு நிராகரித்துவிட்டார்கள் என்று வருந்துபவர்கள் அதிகம். இதே போன்ற பிரதிகளையும் வடிகட்டவா என்று கேட்கும், சம்மதியுங்கள். தேடலிலிருந்துதான் போகும், சைட்டில் இருப்பது அப்படியே இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

'காப்பிரைட் புகார் போட்டால் சீக்கிரம் போகும்' என்று சிலர் சொல்வார்கள். செல்ஃபி எடுத்தவருக்கே உரிமை என்பதால் அது செல்லும்தான். ஆனால் அந்தப் புகாரில் உள்ள உங்கள் பெயர், படத்தைப் போட்டவருக்குப் போகக்கூடும். யாரென்றே தெரியாத ஆளுக்கு உங்கள் விவரத்தைக் கொடுப்பதா என்று ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் செய்தால் அந்த ஆளுக்குத் தெரிந்துவிடுமா?
– வாசகர், கடலூர்

தெரியாது. அவர் உங்களுக்கு அனுப்பிய கடைசி 5 மெசேஜ் வாட்ஸ்அப் நிறுவனத்துக்குப் போகும். மிரட்டல் மெசேஜ் முந்தாநாள் வந்து, அதன் பிறகு பத்து 'ஹலோ' வந்திருந்தால், போகிற ஐந்திலும் 'ஹலோ'தான் இருக்கும். அதனால் மிரட்டல் மெசேஜையே அழுத்திப் பிடித்து, அதை ரிப்போர்ட் செய்யுங்கள். பிளாக் செய்து உரையாடலையும் அழிக்கவா என்று ஒரு பெட்டி வரும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், உங்கள் ஆதாரம் அங்கேதான் இருக்கிறது.